மூக்கோரம் சிவப்புக் கோடு, கண்ணுக்குக் கீழே நீலக் கோடு: லேசர் செய்யலாமா?

வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது: "டாக்டர், எனக்கு 41 வயது, மாநிறம். மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்திலும் நூல் மாதிரி சிவப்பு நரம்புகள் தெரிகின்றன. மூன்று வருடமாகக் கூடிக்கொண்டே போகிறது. இடது கண்ணுக்குக் கீழே ஒரு நீல நரம்பும் இருக்கிறது, அது சின்ன வயதிலிருந்தே உண்டு, இப்போதுதான் பளிச்சென்று தெரிகிறது. அழகு நிலையத்தில் கேட்டேன், லேசரில் ஒரே சிட்டிங்கில் போய்விடும் என்றார்கள். தெரிந்தவர் ஒருவர், காலுக்குப் போடுவதுபோல ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். நரம்பை எரித்தால் முகம் கோணிவிடாதா? போனது திரும்ப வருமா? அடுத்த மாதம் வீட்டில் விசேஷம், அதற்குள் முடிக்க முடியுமா? நான் நாலு வருடமாக நிறம் கொடுக்கும் கிரீம் ஒன்று பூசுகிறேன், இரண்டு நாள் நிறுத்தினாலே முகம் எரிகிறது, அதனால் விடவும் முடியவில்லை."

கடைசி வரியைத்தான் நான் முதலில் படித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் போகிற போக்கில் சொன்ன விஷயம்தான் இதில் முக்கியமானது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் பயம் ஒன்றைப் போக்கிவிடலாம்.

பேச்சில் நாம் எல்லாவற்றையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உங்கள் முகத்தில் தெரிவது உணர்ச்சியையும் அசைவையும் கொண்டுபோகும் நரம்பு இல்லை, ரத்தக்குழாய். நரம்பு ஆழத்தில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் இந்தக் குழாய்களை மூடினால் முகம் கோணாது, மரத்துப்போகாது. ரத்த ஓட்டம் குறைந்துவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். முகத்தில் ரத்தக்குழாய்கள் வலை மாதிரி பின்னிக் கிடக்கின்றன, தலைமுடி கனத்தில் பத்துக் குழாய்களை மூடினால் ரத்தம் பக்கத்து வழியில் போய்க்கொள்ளும்.

சரி, உங்களுக்கு இருப்பது ஒன்றல்ல, இரண்டு வேறு விஷயங்கள். மூக்கோரத்தில் இருப்பவை தோலின் மேற்பரப்பை ஒட்டியே விரிந்துபோன நுண்குழாய்கள், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம், அதனால் சிவப்பாகத் தெரிகின்றன. கண்ணுக்குக் கீழே இருப்பது கொஞ்சம் பெரிய சிரை, ஆழத்தில் ஓடுவது. அதில் ஓடும் ரத்தம் நீலமல்ல, தோல் வழியாக ஒளி போய்த் திரும்பும் விதத்தால் நமக்கு அப்படித் தெரிகிறது. அந்த இடத்தில் தோல் மிக மெல்லியது, வயது ஏற ஏற அடியில் இருக்கும் கொழுப்பும் குறையும், எப்போதும் இருந்த சிரை இப்போது பளிச்சென்று தெரிவது அதனால்தான். அது நோய் இல்லை. இந்த இரண்டுக்கும் ஒரே மெஷின், ஒரே சிட்டிங் என்று ஒருவர் சொன்னால், அவர் உங்கள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இப்போது அந்த கிரீம். டியூபைக் கையில் எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கிறதா? இவை எல்லாம் ஸ்டீராய்டு. பெரும்பாலும் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் என்ற இன்னும் இரண்டோடு சேர்த்து ஒரே கிரீமாக வரும். மங்குக்கு சில வாரம் மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் பூச வேண்டியதை வருடக்கணக்கில் தினமும் பூசுகிறவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். முதல் மாதம் முகம் பளபளக்கும், அதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். அப்புறம் ஸ்டீராய்டு தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜனைக் குறைக்கும், தோல் மெலியும், உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் பிடிமானம் இழந்து விரியும், மெலிந்த தோல் வழியாக அவை வெளியே தெரியும். பூசுவதை நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், பரு மாதிரி பொரியும், பயந்துபோய் திரும்பவும் பூசுவீர்கள். நீங்கள் சொல்லும் "நிறுத்தினால் எரிகிறது" என்பதை வைத்துப் பார்த்தால், டியூபைப் பார்க்காமலே எனக்கு ஸ்டீராய்டு சந்தேகம் வருகிறது. லேபிளே ஒட்டாத டப்பாவில் வரும் கிரீமாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடுகிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், காரணம் தொடர்ந்துகொண்டே இருக்கும்போது லேசர் செய்வது, குழாயைத் திறந்துவைத்துவிட்டுத் தரையைத் துடைப்பது போலத்தான். பத்துக் கோடுகளை மூடுவோம், பக்கத்தில் இருபது வரும். போதாக்குறைக்கு, ஸ்டீராய்டால் மெலிந்த தோலில் லேசரின் சூடு பட்டால் ஆறுவது தாமதமாகும், கறுத்துப்போகும் வாய்ப்பும் அதிகம். ஆனால் இன்றைக்கே டியூபைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் சில வாரங்கள் முகம் மிக மோசமாகலாம். தோல் மருத்துவரிடம் டியூபையும் எடுத்துக்கொண்டு போங்கள், எப்படிப் படிப்படியாகக் குறைப்பது, எரிச்சலைத் தாங்க இடையில் ஸ்டீராய்டு அல்லாத என்ன மருந்து பூசுவது என்று அவர் பார்த்துச் சொல்வார். தோல் அமைதியாக சில மாதங்கள் ஆகலாம். அந்தச் சில மாதங்களில் சிவப்பில் ஒரு பங்கு தானாகவே குறைந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன், அப்போது லேசருக்கு மிஞ்சுவது பழைய, தடித்த கோடுகள் மட்டும்தான்.

கிரீமில் ஸ்டீராய்டு இல்லையென்றால் அடுத்து நான் தேடுவது ரோசேசியா என்ற தோல் நோய். வெயில், சூடு, காரம், மது, கோபம் என்று எதற்காவது முகம் திடீரென்று சூடேறிச் சிவப்பது, எரிவது, பரு போன்ற பொரிப்பு வருவது, கண்ணில் மணல் விழுந்தாற்போல உறுத்துவது இதன் அடையாளங்கள். இதை வெள்ளைத் தோலுக்கு வரும் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, மாநிறத்தில் சிவப்பு எடுப்பாகத் தெரியாததால் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுகிறோம். எரிச்சலையும் சூட்டையும் நோயாளி சொன்னால்தான் தெரியவரும். மெட்ரோனிடசோல், ஐவர்மெக்டின், அசெலாயிக் அமிலம் போன்ற பூச்சுகளும், தேவைப்பட்டால் டாக்சிசைக்ளின் மாத்திரையும் பொரிப்பையும் எரிச்சலையும் அடக்கும். ஏற்கெனவே விரிந்துபோன குழாயை இவற்றில் எதுவும் மறையவைக்காது. பிரிமோனிடின் ஜெல், ஆக்சிமெட்டசோலின் கிரீம் என்று சிவப்பைச் சில மணி நேரம் குறைக்கும் பூச்சுகள் உண்டு, குழாயைத் தற்காலிகமாகச் சுருக்கும், அவ்வளவுதான். தடித்த கோடுகள் அப்படியேதான் இருக்கும். பிரிமோனிடினில் மருந்தின் வேகம் இறங்கியதும் முன்பைவிட அதிகமாகச் சிவப்பவர்களும் உண்டு.

இதில் எதுவும் இல்லாமல் வெறும் வயது, வெயில், பரம்பரை என்றும் இந்தக் கோடுகள் வரும். அதுதான் பெரும்பாலோருக்கு.

ஆனால் சில சந்தர்ப்பங்களில் அழகுச் சிகிச்சையைப் பற்றிப் பேசவே கூடாது, முதலில் பரிசோதனைதான். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால் மாதிரி கோடுகள், நடுப்புள்ளியை அழுத்தினால் கால்கள் மறையும், விரலை எடுத்ததும் மீண்டும் நிரம்பும். இப்படி ஒன்றிரண்டு யாருக்கும் வரலாம், கர்ப்ப காலத்திலும் வந்து பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் போய்விடும். கழுத்து, மார்பு, தோள் என்று நிறைய முளைத்தால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். உதட்டிலும் நாக்கிலும் சிவப்புப் புள்ளிகள் இருந்து அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்தால், குடும்பத்திலும் அப்படி யாருக்காவது இருந்தால், அது ரத்தக்குழாய்களைப் பாதிக்கும் ஒரு பரம்பரை நோயாக இருக்கலாம். விரல்கள் குளிரில் வெளுத்து நீலமாவது, மூட்டு வலி, வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, இவற்றோடு கோடுகள் வந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ், ஸ்கிளீரோடெர்மா போன்ற நோய்களுக்கு ரத்தப் பரிசோதனை தேவை. முத்துபோல மினுமினுக்கும் ஒரு சிறு மேடு, அதன்மேல் கிளை விட்ட ரத்தக்குழாய், ஆறாமல் அவ்வப்போது ரத்தம் கசிவது, இதை நரம்பு என்று நினைத்து லேசரில் சுட்டுவிடவே கூடாது, தோல் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, 50 வயதைத் தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டில் குழாய் புடைத்து, தொட்டால் வலித்து, புதிதாகத் தலைவலியும் மெல்லும்போது தாடை வலியும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தாமதித்தால் பார்வை போகலாம். இது உங்களுக்காக எழுதியதல்ல. படிக்கிறவர்களில் யாருக்காவது பயன்படலாம் என்று சொன்னேன்.

இனி லேசர். இந்த லேசர் வேலை செய்யும் தத்துவத்தை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இருவர் 1983-ல் எழுதினார்கள். ஒரு குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியை ரத்தத்தின் சிவப்புப் பொருள் உறிஞ்சும், குழாய் மட்டும் சூடாகும், உள்சுவர் வெந்து ஒட்டிக்கொள்ளும், சுற்றியுள்ள தோல் சூடாவதற்குள் ஒளித்துடிப்பு முடிந்துவிடும். மூடிய குழாயை உடம்பு சில வாரங்களில் கரைத்துவிடும். கேட்க அழகாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், நம் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அதே ஒளியை உறிஞ்சும். வெள்ளைத் தோலில் மெலனின் குறைவு, ஒளி தடையில்லாமல் குழாய்க்குப் போய்விடும். மாநிறத்திலும் கறுப்பிலும் மேலடுக்கே ஒளியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு தானே சூடாகிவிடும். கொப்புளம் வரும், ஆறின இடம் மாதக்கணக்கில் கறுத்தோ வெளுத்தோ நிற்கும்.

அதனால் மெஷினின் பெயரைவிட அலைநீளத்தைக் கேளுங்கள். 532 நானோமீட்டரில் இயங்கும் கேடிபி லேசர் மெல்லிய சிவப்புக் கோடுகளுக்கு மிக நன்றாக வேலை செய்யும், மெலனினையும் அதே அளவுக்குத் தாக்கும். மாநிறத்துக்கு நான் இதைத் தயக்கத்தோடுதான் எடுப்பேன். 595 நானோமீட்டர் அளவில் இயங்கும் பல்ஸ்டு டை லேசர் பரவலான சிவப்புக்குப் பழக்கப்பட்ட, நம்பகமான கருவி. அதிக சக்தியில் செய்தால் ஊதா நிறத்தில் ரத்தம் கட்டி ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை முகத்தில் நிற்கும். நல்ல குளிரூட்டலோடு, குறைந்த சக்தியில், பல முறையாகச் செய்தால் மாநிறத்திலும் முடியும். ஐபிஎல் என்பது லேசரே இல்லை, பல அலைநீளங்கள் கலந்த பலமான வெளிச்சம், வடிகட்டி போட்டுப் பயன்படுத்துகிறார்கள். நிறைய இடங்களில் லேசர் என்று சொல்லி இதைத்தான் அடிக்கிறார்கள். என்னிடம் ஒரு பெண் வந்தார், இரண்டு கன்னத்திலும் செவ்வகம் செவ்வகமாக, கருவியின் முனை பதிந்த அச்சு அப்படியே கறுத்திருந்தது. வேறோர் இடத்தில் ஐபிஎல் செய்திருந்தார்கள், தோல் நிறத்தைப் பார்த்து அளவைக் குறைக்கவில்லை. அது மறைய ஒன்பது மாதம் ஆனது, அந்த ஒன்பது மாதமும் அவர் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டுதான் வெளியே போனார்.

உங்கள் நிறத்துக்கு, கோடுகள் தடிப்பாக இருந்தால், நான் யோசிப்பது 1064 நானோமீட்டர் லாங் பல்ஸ், அதாவது ஒளித்துடிப்பு நீண்டு நிற்கும், என்டி-யாக் லேசர். இதை மெலனின் குறைவாகத்தான் உறிஞ்சும், ஆழமாகவும் போகும். இதற்கும் ஒரு விலை உண்டு. ரத்தமும் இந்த அலைநீளத்தைக் குறைவாகவே உறிஞ்சுவதால் சக்தியைக் கூட்ட வேண்டியிருக்கும், வேலை செய்யும் அளவுக்கும் சுடும் அளவுக்கும் நடுவில் இடைவெளி குறுகலானது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தால், குறிப்பாக மூக்கு மடிப்பில், குழி விழுந்த தழும்பு வந்துவிடும். வலியும் அதிகம், சூடான ஊசி குத்தியது போல இருக்கும். கை பழகியவர் செய்தால் குழாய் அந்த நொடியே மறைவதையோ கறுப்பதையோ பார்த்து நிறுத்திவிடுவார். தோல் வெள்ளையாகவோ சாம்பலாகவோ மாறினால் அது அபாய மணி.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். கியூ-ஸ்விட்ச்டு என்டி-யாக் என்று இன்னொரு மெஷின் உண்டு, பச்சை குத்தியதையும் கரும்புள்ளிகளையும் எடுக்கப் பயன்படுவது. பெயரில் பாதியும் அலைநீளமும் ஒன்று, ஆனால் அதன் துடிப்பு நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும், குழாயை ஒட்டவைக்க அது போதாது. அழகு நிலையங்களில் அதிகம் இருப்பது இதுதான். "எங்களிடம் என்டி-யாக் இருக்கிறது" என்றால் லாங் பல்ஸா என்று கேளுங்கள். கேள்வி புரியாமல் முழித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கோடுகள் நாலைந்துதான் என்றால் நுண்ணிய ஊசி முனையால் மின்சாரம் கொடுத்துச் சுடும் முறையும் உண்டு. பழைய முறை, செலவு குறைவு. ஊசி பட்ட இடத்தில் சிறு புள்ளித் தழும்போ கறுப்போ வரலாம் என்பதால் மாநிறத்தில் நிறையக் கோடுகளுக்கு இதை நான் சொல்வதில்லை.

ஊசி மருந்து வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். காலில் சுருள் சிரைக்கு மருந்து செலுத்தி மூடுவது நல்ல சிகிச்சை. முகம் வேறு. மூக்கோரமும் கண்ணடியும் ஓடும் சிரைகள் கண்குழிக்குள் இருக்கும் சிரைகளோடும், அதன் வழியாக மூளையை ஒட்டிய சிரைக் குளத்தோடும் தொடர்புள்ளவை. மருந்து தவறான பக்கம் போனால் பார்வையே பறிபோகலாம். ஒரு நீலக் கோட்டுக்காக அந்த ஆபத்தை ஏற்க நான் யாரையும் விடமாட்டேன்.

அந்தக் கண்ணடிச் சிரைக்கு லாங் பல்ஸ் என்டி-யாக் லேசர் பொருந்தும், ஒன்றிரண்டு தடவையில் போய்விடுவதும் உண்டு. ஆனால் கண்குழியின் எலும்பு விளிம்புக்கு உள்ளே, கண்ணுக்கு அருகில் செய்யும்போது வெறும் பாதுகாப்புக் கண்ணாடி போதாது. சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, இமைக்கு உள்ளே உலோகக் கவசம் வைத்தாக வேண்டும். இந்த ஒளி கண்ணுக்குள் போனால் கருவிழியின் நிறப்படலத்தையும் விழித்திரையையும் சுட்டுவிடும். கவசம் வைப்பீர்களா என்று நேராகக் கேளுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்தச் சிரையை விட்டுவிடுவேன், ஆரஞ்சு சாயல் கலந்த கன்சீலர் லேசாகத் தொட்டாலே நீலம் அடங்கிவிடும். கண்ணடியில் ஃபில்லர், அதாவது தோலுக்கடியில் ஊசியால் நிரப்பும் ஜெல், போட்டு மறைக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். மேலாகப் போட்டால் ஃபில்லரே நீலமாகத் தெரியும், குழாய்க்குள் போனால் பார்வை ஆபத்து இதிலும் உண்டு.

அடுத்த மாதத்துக்குள் முடியுமா என்றால், முடியாது, முயலவும் வேண்டாம். யார் செய்தாலும் முதலில் காதோரம் போன்ற மறைவான இடத்தில் சிறிதளவு சோதித்துப் பார்த்து, கறுக்கிறதா என்று சில வாரம் காத்திருக்க வேண்டும். பிறகு 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஓரிரு நாள் வீக்கமும் சிவப்பும் இருக்கும், சிலருக்குப் பொருக்கு கட்டும், அதைப் பிய்க்கக் கூடாது. விசேஷத்துக்குப் பச்சைச் சாயல் கொண்ட கன்சீலரைச் சிவப்புக் கோட்டின் மேல் மட்டும் ஒற்றி, அதன்மேல் உங்கள் நிறத்தில் ஃபவுண்டேஷன் போட்டுக்கொள்ளுங்கள். தேய்க்காமல் ஒற்றுங்கள்.

திரும்ப வருமா என்று கேட்டிருந்தீர்கள். சரியாக மூடிய குழாய் பெரும்பாலும் திரும்புவதில்லை, ஆனால் தோலின் குணம் மாறாததால் புதிய கோடுகள் வரும், வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு வருடத்துக்கு ஒரு முறையோ மராமத்து மாதிரி செய்துகொள்பவர்கள் உண்டு. அதைத் தள்ளிப்போட உதவுவது சன்ஸ்கிரீன்தான். மாநிறத்துக்கு அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல்நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீன் நல்லது, சிகிச்சைக்குப் பின் வரும் கறுப்பையும் அது தடுக்கும், கோடுகளையும் கொஞ்சம் மறைக்கும். ஸ்கிரப், ஆவி பிடித்தல், ஐஸ் வைத்துத் தேய்த்தல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். "நரம்பைக் கரைக்கும்" என்று விற்கும் எந்தக் கிரீமும் விரிந்த குழாயைக் கரைத்து நான் பார்த்ததில்லை.

மருத்துவரிடம் போகும்போது முகத்தில் எதுவும் பூசாமல் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுத்தீர்களா, உதட்டில் அடிக்கடி அக்கி மாதிரிக் கொப்புளம் வருமா, காயம் பட்டால் தழும்பு தடிக்குமா, இவை நாலையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை லேசருக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்றைக்கு ஜன்னலோர வெளிச்சத்தில் முகத்தை மூன்று பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள், கிரீமைக் குறைத்து மூன்று மாதம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் இன்னொன்று எடுங்கள். லேசர் எவ்வளவு தேவை, தேவைதானா என்பதை அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நீங்களும் உங்கள் மருத்துவரும் முடிவு செய்யலாம். டியூபின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.